பெட்டியிடம் பேசுகிறவள்

சுடலைச்செல்வி ஊரறிந்த பெண் ஆனதற்கு அவள் வேலைபார்த்த கம்பெனிதான் காரணம். தூத்துக்குடி துறைமுகத்துக்குள் கன்டெய்னர் யார்டு நடத்தும் தனியார் கம்பெனி அது. மகளிர் தினத்துக்கு ஒரு வீடியோ போடலாம் என்று அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியது. யார்டில் கிரேன் ஓட்டும் பெண்களில் செல்வியைத் தேர்ந்தெடுத்து, அவள் உட்காரும் கேபினுக்குள் சின்னக் கேமரா ஒன்றை ஒட்டிவைத்தார்கள்.

அந்தக் கேபின் ஆறு மாடி உயரத்தில் இருக்கிறது. தரை கண்ணாடி. காலுக்குக் கீழே லாரிகள் பொம்மை மாதிரி வந்து நிற்கும். இரண்டு கைகளுக்கும் இரண்டு பிடிகள். அவற்றை அசைத்து, கம்பிவடத்தில் தொங்கும் இரும்புச் சட்டத்தைக் கன்டெய்னரின் தலையில் இறக்க வேண்டும். சட்டத்தின் பூட்டுகள் பெட்டியின் நான்கு மூலைத் துளைகளிலும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் தூக்க முடியும். காற்றடித்தால் சட்டம் ஊஞ்சலாடும். செல்வி அதை ஒரே இறக்கில் உட்கார வைப்பாள். ஏரல் பக்கம் வயல்காட்டு ஊரில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவள். வேலைக்கு எடுக்கும்போது “உயரம்னா பயமா?” என்று கேட்டதற்கு, “ஏறிப் பாத்துட்டுச் சொல்லுதேன் சார்” என்று பதில் சொன்னவள்.

வேலையின்போது அவளுக்கு ஒரு பழக்கம். பெட்டியோடு பேசுவாள். “வா, வா… அங்கன போகாத… ஆங், உக்காரு ராசா, உக்காரு.” தான் பேசுவது அவளுக்கே தெரியாது. வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருந்தது. ஊரெல்லாம் அதைப் பார்த்தது. சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் பகிர்ந்தார்கள். “உக்காரு ராசா” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லித் திரிந்தார்கள்.

ஸ்பின்னிங் மில்லில் வேலைபார்க்கும் அவள் கணவன் மகாராஜாதான், “நாமளே ஒரு பக்கம் ஆரம்பிச்சா என்ன?” என்று கேட்டான். ‘கிரேன் செல்வி’ என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். லீவு நாளில் அவள் பேசுவாள், அவன் செல்போனில் எடுப்பான். துறைமுகம் என்றால் என்ன, கப்பலில் வரும் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும், பெண்கள் எப்படி இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் சொல்லச் சொல்ல, பின்தொடர்கிறவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். செல்விக்கு அது பிடித்திருந்தது. அவள் கூச்சப்படுகிற ஆள் கிடையாது.

பிடிக்காதவை வீடியோவுக்குக் கீழே, கருத்துகளில் இருந்தன. பாராட்டி எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் விரல் தேடிப்போய் நின்றது வேறு சிலவற்றில்தான். ‘பெட்டிகூட பேசுது பாரு, லூசு’ என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னொருவன், ‘கையை உத்துப் பாருங்க, நடுங்குது. இவளை நம்பிக் கீழே ஆள் நிக்கானே’ என்று எழுதியிருந்தான்.

“ஏளா, சோறு ஆறுது” என்பான் மகாராஜா.

“என் கை நடுங்குதா, பாருங்க.”

“ஃபேன் காத்துல உன் சேலைதான் நடுங்குது. சாப்பிடு.”

அவள் சிரிப்பாள். ஆனால் மறுநாள் கேபினில் உட்கார்ந்ததும் கண் கைக்குப் போகும். வாயையும் மூடிக்கொண்டாள். கேமராவைக் கழற்றி மாதக்கணக்காகியும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

இதற்கிடையில் ரெக்சன் வந்தான். டூவிபுரத்தில் விளம்பர நிறுவனம் வைத்திருந்த சுறுசுறுப்பான ஆள். ‘கூர்மதி’ என்று ஒரு சத்துப்பொடி. பாலில் கலந்து குடித்தால் கவனம் சிதறாதாம். செல்வி கேபினில் போடும் ஹெல்மெட்டோடு ஒரு டம்ளரைக் கையில் பிடித்து, “ஆறு மாடி உயரத்துல ஒரு நொடி கவனம் தப்பக்கூடாது. எனக்குக் கூர்மதி இருக்கு” என்று சொன்னால் போதும் என்றான். அவள் குடித்துப் பார்த்தாள். சத்துமாவில் ஏலக்காய் தட்டிப்போட்டது போல இருந்தது. கெடுதல் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டாள். விளம்பரம் வந்ததும், வீடியோவில் போட்டுக் காட்டச் சொல்லிப் புதுக் கடைகளிலிருந்து சுடிதார், கைக்கடிகாரம், செருப்பு என்று வீடு தேடி பார்சல்கள் வந்தன. போதாததற்கு அவளும் தன் காசில் வாங்கித் தள்ளினாள். போன வீடியோவில் போட்ட உடுப்பை இந்த வீடியோவில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பிரிக்காத பார்சல்கள் பீரோவுக்கு மேலே ஏறின.

அதே மாதம்தான் யார்டு மேலாளர் ஜீவமணி சார் கேன்டீன் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். ஒவ்வொரு கிரேன்காரரும் மணிக்கு எத்தனை பெட்டி தூக்குகிறார் என்று அதில் பெயரோடு ஓடும். மேலே இருப்பவர்களுக்குப் பச்சை, கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு. ஜீவமணி கெட்டவர் இல்லை. போட்டி இருந்தால் வேகம் வரும் என்று நம்பினார். முதலிடத்தில் எப்போதும் பர்னபாஸ் நின்றான். இரண்டாவதாக இருந்த செல்வி நான்காவதானாள், ஏழாவதானாள். ஒரு நாள் டீயை எடுத்துக்கொண்டு திரும்பியபோது தன் பெயர் சிவப்பில் ஓடுவதைப் பார்த்தாள். பக்கத்து மேஜையில் இருந்த இருவரும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கேபினில் ஒவ்வொரு அசைவையும் அவளே சோதித்தாள். இடது கையை இவ்வளவு தள்ளணும். வலது கையை இப்போது நிறுத்தணும். சட்டம் மூலையில் தட்டி விலகும். மறுபடி தூக்கி இறக்குவாள். கீழே லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். இத்தனை வருஷம் தானாக வந்த வேலை கைவிட்டுப் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மழைநாள் பிற்பகல் அது நடந்தது. லாரி ஓட்டும் பேச்சிமுத்து அண்ணாச்சியின் டிரெய்லரிலிருந்து பெட்டியைத் தூக்க வேண்டும். பெட்டியை வண்டியோடு பிடித்துவைக்கும் கொக்கிகளை முதலில் கழற்றிவிடுவார்கள். அன்று மழை அவசரத்தில் பின்பக்கக் கொக்கி ஒன்று கழறாமல் இருந்தது. எப்போதும் செல்வி ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவாள். அன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் கையை. பெட்டி எழும்பியது. கூடவே டிரெய்லரின் பின்சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின. வண்டிக்குள் அண்ணாச்சி.

கீழே யாரோ கத்த, ஹாரன் அலற, செல்வி பிடிகளிலிருந்து கையை எடுத்தாள். கிரேன் நின்றது. மெல்ல இறக்கினாள். சக்கரங்கள் தரையைத் தொட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏணியில் இறங்கி வரும்போது அவள் கைகள் உண்மையாகவே நடுங்கின.

விசாரணை முடியும்வரை அவளை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். மறுநாள் பேச்சிமுத்து அங்கே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

“உக்காரு தங்கச்சி. கொக்கிய சரியாப் பாக்காதது எங்க ஆளு தப்பு. அதுக்கு வரல” என்றார். பிறகு தயங்கி, “ஒண்ணு கேக்கணும். எங்க மூத்தவ பரிட்சைக்குப் படிக்கா. நீ சொன்னேன்னு அந்தப் பொடியத்தான் வாங்கிக் குடுக்கேன். காலையில பால்ல அது மட்டுந்தான் குடிக்கா, முட்டையெல்லாம் நிப்பாட்டிட்டோம். தினமும் குடிக்கிற உனக்கே கவனம் தப்புதே, அப்போ பிள்ளைக்கு…?”

அவர் குத்திக் காட்டவில்லை. மனசாரக் கேட்டார். அதுதான் செல்வியை அசைத்தது.

“அண்ணாச்சி, முட்டையக் குடுங்க” என்றாள். “பொடிய நிறுத்திருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அன்று சாயங்காலம் அவள் டெல்பினைக் கூப்பிட்டாள். இருவரும் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் ஒரே பெண்கள் விடுதியில் இருந்தவர்கள். டெல்பின் மணப்பாட்டுக்காரி, உளவியல் படித்து, இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், சாயங்காலங்களில் ஆலோசனைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறாள். கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். செல்வி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

டெல்பின் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்தாள். “உன் கையெழுத்தப் போடு.”

செல்வி ஒரே இழுப்பில் போட்டாள்.

“இப்போ அதுக்குக் கீழ, அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு போடு. ஒரு வளைவுகூட மாறக்கூடாது. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

செல்வி பேனாவை இறுக்கிப் பிடித்து, மேலே பார்த்துக் கீழே பார்த்து, மெதுவாகப் போட்டாள். வந்தது வேறு யாரோ திருட்டுத்தனமாகப் போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“பாத்தியா” என்றாள் டெல்பின். “கைக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை. மனசு பக்கத்துல நின்னு மேற்பார்வை பாக்க ஆரம்பிச்சா கோணிக்கிடும். பெரிய பெரிய விளையாட்டுக்காரங்களுக்கே கடைசி நிமிஷத்துல இதுதான் ஆகுது. உனக்கு வேலை மறக்கல ஏளா.”

“நான் மட்டுமா மேற்பார்வை பாக்கேன்? லச்சம் பேருல்லா பாக்காங்க.”

டெல்பின் போனில் அந்த மகளிர் தின வீடியோவைத் திறந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இதுல பேசிக்கிட்டே இருக்கே. இப்பவும் பேசுதியா?”

செல்வி யோசித்தாள். “இல்ல.”

“எப்போ நிப்பாட்டின?”

“லூசுன்னு எழுதுனான்லா, அதுல இருந்து.”

“பெட்டிகிட்ட பேசும்போது உன் கவனம் பெட்டிமேல இருந்துச்சு. வாய மூடினதும் அது உன் கைக்கு வந்துட்டு. அவ்வளவுதான்.”

“எவனோ ஒருத்தன் எழுதினதுக்கு நான் ஏன் இப்பிடி ஆனேன்? அவ்வளவு பேரு நல்லதுதான எழுதினாங்க?”

“மனசு அப்பிடித்தான் இருக்கும். பத்துப் பேரு மாலை போட்டு ஒருத்தன் கல்லெறிஞ்சா, கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் முதல்ல பாப்போம். அந்தக் குணம் இல்லாம இருந்தா மனுசன் எப்பவோ செத்துருப்பான். போனுக்கு அது நல்லாத் தெரியும். உனக்கு எது உறுத்துதோ அதத்தான் நீ திரும்பத் திரும்பப் பாக்கே; நீ பாக்கப் பாக்க அதுக்கு லாபம்.”

செல்வி டீயைக் குடித்து முடித்தாள். “சரி. மறுபடி பேசுதேன். ஆனா ஆளுங்க பாக்கும்போது பேச வருமான்னு தெரியலயே.”

“அப்போ ஆளுங்க பாக்கும்போதே பழகு” என்றாள் டெல்பின்.

அந்த வார்த்தையை செல்வி அப்படியே பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் பயிற்சிக்கென்று ஒரு அறை இருக்கிறது. உள்ளே கேபின் மாதிரியே நாற்காலியும் பிடிகளும் இருக்கும், முன்னால் பெரிய திரையில் யார்டு ஓடும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பர்னபாஸையும் இன்னும் சிலரையும் அங்கே கூட்டிப் போனாள்.

“நான் ஓட்டுதேன். நீங்க பின்னால நின்னு வாய்க்கு வந்ததச் சொல்லிக் கலாய்க்கணும்.”

“நெஜமாவா?” என்றான் பர்னபாஸ். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “ஏலே எல்லாரும் வாங்கலே, நல்ல வேலை குடுத்திருக்கா!”

போட்டுத் தாளித்தார்கள். “கை நடுங்குதே”, “லூசு பேசுது”, “அந்தா விழப்போகுது” என்று ஒரே கூச்சல். ஒருவன் தகரத்தைத் தட்டினான். முதல் நாள் செல்விக்கு வாயே திறக்கவில்லை. சட்டம் திரும்பத் திரும்ப மூலையில் மோதியது. அடுத்த நாள் முணுமுணுப்பாக வந்தது. நாட்கள் போகப் போக, பின்னால் நின்ற கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது: “இங்கன வா… ஆங்… உக்காரு.” கடைசியில் பர்னபாஸ் கத்தித் தொண்டை கட்டி, “போதும் தாயே, எனக்கு லீவு குடு” என்றான்.

ரெக்சனை அவள் அவனுடைய அலுவலகத்திலேயே போய்ப் பார்த்தாள். மகாராஜாவும் கூடப் போனான். ஆனால் பேசியது அவள்தான்.

“விளம்பரத்த எடுத்துருங்க.”

ரெக்சனுக்குச் சிரிப்பு வந்தது. “மேடம், ஓடுற விளம்பரத்துல இதுதான் நம்பர் ஒன்னு. ஏன்னு தெரியுமா? யாரும் பொடிய வாங்கல. அவ்வளவு உயரத்துல பயமில்லாம இருக்கிற உங்க முகத்தத்தான் வாங்குதாங்க. தன் பிள்ளை இந்த மாதிரி வரணும்னு ஒவ்வொரு அம்மாவும் நினைக்கா. அதான் இதுல உள்ள சூட்சுமம்.”

“அப்போ அந்த முகம் பொடியோடது இல்லயே. என்னோடதுதான?”

“ஒரு வருஷ ஒப்பந்தம் இருக்கு மேடம். நீங்க பொய்யும் சொல்லல. குடிக்கத்தான செய்றீங்க?”

“குடிச்சேன். குடிச்சுட்டுத்தான் ஒரு வண்டிய ஆளோட தூக்கினேன். அத நான் வீடியோவுல சொல்லப்போறேன். சொன்ன பொறவு உங்க விளம்பரம் ஓடினா நல்லாவா இருக்கும்? எடுத்துட்டீங்கன்னா, பொடிக் கம்பெனி தானாவே எடுத்துட்டுன்னு அதையும் சேத்துச் சொல்லுதேன். உங்களுக்கும் மரியாதை.”

ரெக்சன் பேனாவை மேஜையில் தட்டினான். ஆட்களின் மனசை எடைபோட்டே பிழைப்பவன் அவன். எதிரில் இருப்பவள் மிரட்டவில்லை, செய்யப்போவதைச் சொல்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. “மேல பேசிட்டுச் சொல்லுதேன்” என்றான். அந்த வாரமே விளம்பரம் காணாமல் போனது.

செல்வி சொன்னபடி வீடியோ போட்டாள். பழைய சுடிதார், பின்னால் வீட்டுச் சுவர். வண்டியை ஆளோடு தூக்கியதையும், கம்பெனி விளம்பரத்தைத் தானாகவே எடுத்ததையும் சொன்னாள். “கவனத்துக்கு நான் குடிச்ச பொடி காரணம் இல்ல. நல்லாத் தூங்கினேன், தெரிஞ்ச வேலைய விரும்பிச் செஞ்சேன், அவ்வளவுதான். நான் சொன்னேன்னு வாங்கினவங்க என்னய மன்னிச்சிருங்க. பிள்ளைங்களுக்கு நல்ல சாப்பாடு குடுங்க” என்றாள். போட்டதும் கருத்துப் பகுதியைப் பூட்டினாள். பலர் விலகிப் போனார்கள் என்று மகாராஜா சொன்னான். எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. பீரோ மேலிருந்த பார்சல்களை இறக்கி, திருப்ப முடிந்ததைத் திருப்பி, மற்றதை யார்டில் வேலைபார்க்கும் பெண்களுக்குக் கொடுத்தாள்.

விசாரணை முடிந்து கிரேனுக்குத் திரும்பினாள். சில நாட்களிலேயே வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஆட்கள் யார்டைப் பார்க்க வந்தார்கள். கூடவே கேமராக்கள். வீடியோவில் பார்த்த பெண் இவள்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் அவள் கிரேனைப் பார்த்தபடி பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பால் கூடினார்கள். தலைகள் அண்ணாந்தன, செல்போன்கள் உயர்ந்தன. ஜீவமணி ரேடியோவில் வந்தார். “செல்வி, வேண்டாம்னா பர்னபாஸை ஏத்துதேன்.”

“வேண்டாம் சார். நானே பாத்துக்கிடுதேன்.”

கடல்காற்று பலமாக இருந்தது. நெஞ்சு படபடத்தது, அடிச்சா அடிச்சுக்கிடட்டும் என்று அதை விட்டுவிட்டாள். பெட்டியின் மூலையைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். சட்டம் ஆடி, அடங்கி, இறங்கி, நான்கு மூலையிலும் ஒரே சத்தமாக உட்கார்ந்தது. ஒரு சாண் தூக்கினாள், நிறுத்தினாள், சக்கரங்களைப் பார்த்தாள், பிறகு மேலே கொண்டுபோனாள். அடுத்தது. அதற்கடுத்தது. கீழே நின்றவர்கள் எப்போது போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து நேராக ஜீவமணியின் அறைக்குப் போனாள். “சார், அந்த டிவியப் பத்திப் பேசணும்.”

“உன் பேரு இப்ப மேல வந்துரும். அப்புறம் என்ன?”

“மேல வந்தாலும் கீழ போனாலும் மண்டைக்குள்ள அதுதான் சார் ஓடுது. சக்கரத்தப் பாக்க வேண்டிய நேரத்துல என் பேரு எங்க இருக்குன்னு நினைச்சேன். எனக்கு மட்டும் இல்ல, கேட்டுப் பாருங்க.”

ஜீவமணி வாதாடவில்லை. யார்டு கேமராவில் பதிவாகி விசாரணைக்கு வந்த, சக்கரம் எழும்பிய படம் அவர் மேஜைமேல் இன்னும் இருந்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்று டிவியில் பெயர்களை நிறுத்திவைத்தார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் வாரம் வேகம் குறைந்தது. பர்னபாஸ் வந்து சண்டை போட்டான்: “என் பேரப் பாத்தாத்தான் சார் எனக்கு வேலையே ஓடும்.” அவனுக்கு அது உண்மைதான். கடைசியில் ஜீவமணியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு மட்டும், போன வாரத்தோடு ஒப்பிட்டு, அவரவர் போனுக்கு வரும். டிவியில் மொத்த ஷிப்டும் சேர்ந்து தூக்கியது மட்டும் ஓடும். பர்னபாஸ் தன் கணக்கைத் தானே எல்லோருக்கும் காட்டித் திரிந்தான். மழைக்காலம் முடிவதற்குள் வேகம் பழையபடி ஆனது, அதற்கு மேலும் போனது. பெட்டி மூலையில் மோதுவது குறைந்தது.

தை மாதம் கப்பலிலிருந்து நேராகப் பெட்டி இறக்கும் பெரிய கிரேனுக்கு ஆள் எடுத்தார்கள். யார்டு கிரேனைவிட இரண்டு மடங்கு உயரம். கேபின் கடலுக்கு மேலே நீண்டு நிற்கும். இதுவரை அதில் பெண்கள் யாரும் ஏறவில்லை. செல்வி விண்ணப்பித்தாள், பயிற்சி முடித்தாள், தேர்ச்சி பெற்றாள்.

முதல் நாள் காலை அவள் மேலே ஏறியபோது முயல்தீவுப் பக்கம் வெயில் படிந்திருந்தது. கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பலும், கப்பலுக்கும் துறைமுகக் கரைச் சுவருக்கும் நடுவே பச்சைத் தண்ணீரும் தெரிந்தன. பயமாகத்தான் இருந்தது. நல்ல பயம். பெல்ட்டைப் போட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“ரெடியா?” என்றது ரேடியோ.

“ரெடி. முதல் பெட்டி எதுன்னு சொல்லுங்க” என்றாள் செல்வி.